பே லேட்டர் நிறுவனங்களை ஒப்பிடும் முறை: நூறு ரூபாய், எத்தனை நாள்?

தவணை முறையில் பொருள் வாங்குவது சென்னைக்குப் புதிதன்று. கடிகாரத்தையும் ரேடியோவையும் தவணைக்குக் கொடுத்தே வி.ஜி.பி. பெயர் பெற்றது, லாரிக் கடனுக்காக 1954இல் தொடங்கிய சுந்தரம் ஃபைனான்ஸ் இன்றும் இந்த ஊரிலிருந்துதான் இயங்குகிறது. ஆயினும், கைப்பேசிச் செயலியில் ‘பே லேட்டர்’ (இப்போது வாங்கு, பிறகு கட்டு) என்ற பொத்தானைக் காட்டும் நிறுவனங்களை ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டி வரும்போது, நிதித்துறையில் வேலை செய்கிறவர்கள்கூட விற்பனை வளர்ச்சியையும் வாடிக்கையாளர் எண்ணிக்கையையும் எடுத்து வைத்துக்கொண்டு எது பெரிது என்று பேசத் தொடங்கிவிடுகிறார்கள். வாங்குகிறவருக்கு எல்லா நிறுவனங்களும் ஒரே வாக்குறுதியைத்தான் தருகின்றன என்பதால் அவை ஒரே தொழிலைச் செய்வதுபோலத் தோன்றுகிறது. உள்ளே போய்ப் பார்த்தால், ஒன்று கடைக்காரரிடம் கமிஷன் வாங்கும் தொழில், இன்னொன்று வட்டித் தொழில், மற்றொன்று ஆள் பிடித்துக் கொடுக்கும் தொழில்.

இவற்றை ஒரே அளவுகோலில் வைக்க நான்கு கேள்விகள் போதும். காசு யார் தருகிறார்? கடனாகப் போகும் பணம் யாருடையது? அது எத்தனை நாள் வெளியே நிற்கிறது? திரும்பி வராவிட்டால் யார் கையைக் கடிக்கும்? இவற்றில் மூன்றாவது கேள்வியைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள் என்பதால், அதிலிருந்தே தொடங்குவது நல்லது.

நாள் கணக்கு

கோயம்பேட்டில் தண்டல் வாங்கும் பூ வியாபாரியை எடுத்துக்கொள்ளுங்கள். 10,000 ரூபாய்க் கடனுக்கு 1,000 ரூபாயை முதலிலேயே பிடித்துக்கொண்டு 9,000 ரூபாயைக் கையில் கொடுப்பார்கள். நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். கொடுப்பவர் இதைப் பத்து சதவீதம் என்பார். ஆனால் அசல் நாள்தோறும் குறைந்துகொண்டே வருவதாலும், எல்லாமே 100 நாளில் முடிந்துவிடுவதாலும், ஆண்டு வட்டியாகக் கணக்கிட்டால் அது 77 சதவீதத்தைத் தாண்டுகிறது. பே லேட்டர் நிறுவனங்களின் கணக்கும் இதே இலக்கணத்தில் அமைந்ததுதான். கட்டணம் எத்தனை சதவீதம் என்பது பாதிச் செய்தி. பணம் எத்தனை நாள் வெளியே நின்றது என்பது மீதிப் பாதி.

ஆகவே, ஒப்பிட எடுத்துக்கொண்ட ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ‘100 ரூபாய் விற்பனையில் முழுத் தொகை சராசரியாக எத்தனை நாள் வெளியே நிற்கிறது’ என்பதை முதலில் கணக்கிட்டுக்கொள்ள வேண்டும். ஆஸ்திரேலியாவில் 2014இல் தொடங்கிய ஆஃப்டர்பே பரப்பிய முறையில், வாங்கும்போதே காற்பங்கைக் கட்டிவிட்டு மீதியை இரண்டு வாரத்துக்கு ஒரு தவணையாக மூன்று முறை கட்டுகிறார்கள். முதல் இரண்டு வாரம் 75 ரூபாயும், அடுத்த இரண்டு வாரம் 50 ரூபாயும், கடைசி இரண்டு வாரம் 25 ரூபாயும் வெளியே நிற்கின்றன. கூட்டிப் பார்த்தால் 100 ரூபாய் 21 நாள் வெளியே நின்றதற்குச் சமம். அதாவது, போட்ட பணம் ஆண்டுக்கு 17 முறை சுழல்கிறது. பதினைந்து நாளுக்கு ஒரு முறை பில் அனுப்பும் இந்தியச் செயலிகளில், வாங்குதல்கள் அந்தப் பதினைந்து நாளிலும் பரவி இருப்பதால், பணம் கட்டும் சில நாள் இடைவெளியையும் சேர்த்து, சராசரி பத்து நாள் என்று வைக்கலாம். சுழற்சி 36 முறை. எட்டு மாதத் தவணையில் முழுத்தொகை சராசரியாக நான்கரை மாதம் வெளியே நிற்கிறது. போட்ட பணம் ஆண்டுக்கு மூன்று முறைகூடச் சுழல்வதில்லை.

இந்த எண் கைக்கு வந்துவிட்டால், வருமானம் மட்டுமன்றி நட்டமும் தன் உண்மையான அளவில் தெரியத் தொடங்குகிறது. மூன்று நிறுவனங்களும் ‘எங்கள் நட்டம் விற்பனையில் 1 சதவீதம்தான்’ என்று சொல்வதாக வைத்துக்கொள்வோம். போட்ட முதலின் மீது ஆண்டுக்குப் பார்த்தால், எட்டு மாதத் தவணைக்காரருக்கு அது 2.7 சதவீதம், நான்கு தவணைக்காரருக்கு 17 சதவீதம், பதினைந்து நாள் பில்காரருக்கு 36 சதவீதம். விற்பனையின் மீது சொல்லப்படும் நட்ட விகிதத்தையும் நிலுவைக் கடனின் மீது சொல்லப்படும் நட்ட விகிதத்தையும் அருகருகே வைத்து ஒப்பிட்ட அறிக்கைகளை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அவற்றைக் கிழித்துப் போடுவதைத் தவிர வேறு வழியில்லை.

‘வட்டியில்லை’ என்றால் காசு யார் தருவது

தியாகராய நகர் உஸ்மான் சாலையில் உள்ள ஒரு வீட்டு உபயோகப் பொருள் கடையில், 24,000 ரூபாய் விலையுள்ள துணி துவைக்கும் இயந்திரம் ஒன்றுக்காக என் அக்கா மகனோடு போய் நின்றேன். கடைக்குள்ளேயே கடன் நிறுவனத்தின் சிறு மேசை. அதன் பின்னால் டேப்லெட்டுடன் ஓர் இளைஞர். “வட்டியே கிடையாது சார், எயிட் பை ஸீரோ. மாசம் மூவாயிரம், எட்டு மாசம், அவ்வளவுதான்” என்றார். “ரொக்கமாகக் கொடுத்தால் என்ன விலை?” என்று கேட்டேன். அவர் கடை மேலாளரைத் திரும்பிப் பார்த்தார். மேலாளர் கணிப்பானை எடுத்துத் தட்டிவிட்டு, “ஆயிரம் குறைச்சுக்கலாம் சார்” என்றார். “அப்போ அந்த ஆயிரம்தான் மாமா வட்டியா?” என்று அக்கா மகன் என் காதில் கேட்டான். பெரும்பாலும் அதுதான்.

இந்த வணிகத்தில் புழங்கும் ‘எயிட் பை ஸீரோ’, ‘எயிட் பை டூ’, ‘ட்வெல்வ் பை ஃபோர்’ போன்ற சொற்களின் பொருளை அறிந்தால்தான் கணக்கு பிடிபடும். முதல் எண் மொத்தத் தவணை. இரண்டாம் எண், கடையிலேயே கட்டவேண்டிய முன்தவணை. ‘எயிட் பை ஸீரோ’வில், 24,000 ரூபாய்ப் பொருளுக்குக் கடன் நிறுவனம் கடைக்கு 24,000 ரூபாயைக் கொடுப்பதில்லை. தயாரிப்பு நிறுவனமோ கடைக்காரரோ ஏற்கும் வட்டி மானியத்தைக் கழித்துக்கொண்டுதான் கொடுக்கிறது. மானியம் 5 சதவீதம் என்று வைத்தால் 1,200 ரூபாய் போக 22,800 ரூபாய் கடைக்குச் செல்கிறது. வாங்கியவரிடமிருந்து எட்டு மாதத்தில் 24,000 ரூபாய் வருகிறது. இதன் ஆண்டு விளைச்சல், அதாவது போட்ட பணத்தின் மீது ஆண்டுக்கு வரும் ஆதாயம், ஏறத்தாழ 13.8 சதவீதம். அதோடு வாங்குகிறவரிடம் 500 ரூபாய் செயலாக்கக் கட்டணம் வாங்கினால் விளைச்சல் 20 சதவீதத்தை எட்டுகிறது. (அந்தக் கட்டணத்தின் மீது வரும் 18 சதவீத ஜி.எஸ்.டி. அரசுக்குப் போவதால் அதை இங்கே சேர்க்கவில்லை.)

இப்போது ‘எயிட் பை டூ’வைப் பாருங்கள். மானியம் அதே 1,200, கட்டணம் அதே 500. வாங்குகிறவர் கடையிலேயே இரண்டு தவணையாக 6,000 ரூபாய் கட்டிவிடுவதால், கடன் நிறுவனத்தின் கையிலிருந்து உண்மையில் போவது 16,300 ரூபாய் மட்டுமே. அடுத்த ஆறு மாதத்தில் திரும்பி வருவது 18,000. ஆண்டு விளைச்சல் சுமார் 35 சதவீதமாகிவிடுகிறது. வாங்குகிறவர் கூடுதலாக ஒரு ரூபாய்கூடத் தரவில்லை, கடைக்காரரும் தரவில்லை. முன்தவணை ஒன்றே விளைச்சலை இவ்வளவு தூக்கிவிட்டது. தண்டலில் முதலிலேயே பிடித்துக்கொள்ளும் ஆயிரத்தின் உறவுக்காரர்தான் இந்த முன்தவணை. எனவே இரண்டு தவணை நிறுவனங்களை ஒப்பிடும்போது, அவை எந்தத் திட்டங்களை எந்த விகிதத்தில் விற்கின்றன என்ற கலவையைத் தெரிந்துகொள்ளாமல் ‘மானியம் எத்தனை சதவீதம்’ என்று மட்டும் கேட்பது பயனற்றது. பூச்சிய வட்டி என்ற ஒன்றே கிடையாது என்பதை ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே வங்கிகளுக்குச் சுற்றறிக்கையாக எழுதிவிட்டது என்பதையும் இங்கே நினைவில் வைக்கலாம்.

வருமானத்தின் மற்ற வகைகளை இதே கண்ணோடு பிரித்து எழுதிக்கொள்ளுங்கள். ஆஃப்டர்பே போன்றவை கடைக்காரரிடம் விற்பனையில் 4 சதவீதம் அளவுக்குக் கட்டணம் வாங்குகின்றன. வாங்குகிறவரிடம் வட்டி கிடையாது, தவறினால் தாமதக் கட்டணம் உண்டு. மேக்ஸ் லெவ்சின் 2012இல் அமெரிக்காவில் தொடங்கிய அஃபர்ம் தாமதக் கட்டணமே வாங்குவதில்லை. ஆனால் நீண்ட காலக் கடன்களுக்கு ஆண்டுக்கு 36 சதவீதம் வரை வட்டி உண்டு. பதினைந்து நாள் பில் செயலிகளுக்குக் கடைக்காரர் கட்டணமே முதன்மை.

தாமதக் கட்டணம் மொத்த வருமானத்தில் எத்தனை பங்கு என்பதை மட்டும் தனி வரியாக எழுதுங்கள். அந்தப் பங்கு கூடிக்கொண்டே போனால், வாடிக்கையாளர் தவறுவதில்தான் நிறுவனத்துக்கு ஆதாயம் இருக்கிறது என்று பொருள். அப்படிப்பட்ட வருமானத்தை ஒழுங்குமுறை அமைப்பு எந்த நாளும் வெட்டிவிடலாம். இந்தியாவில் அபராத வட்டி என்று அசலோடு சேர்த்து வட்டிக்கு வட்டி போடுவதை ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டு சுற்றறிக்கையால் நிறுத்தி, அபராதக் கட்டணமாக மட்டுமே வாங்க அனுமதித்தது.

கடைக்காரர் கட்டணத்தை நம்பும் நிறுவனத்தில், எத்தனை கடைகள் என்பதைவிட முதல் ஐந்து கடைகளின் பங்கு என்ன என்று பாருங்கள். 2020 ஜூனில் முடிந்த நிதியாண்டில் அஃபர்மின் வருமானத்தில் 28 சதவீதம் பெலோட்டன் என்ற ஒரே உடற்பயிற்சிக் கருவி நிறுவனத்திடமிருந்து வந்தது. ஊரடங்கு முடிந்து வீட்டுக்குள் மிதிவண்டி மிதிக்கும் ஆசை குறைந்தபோது அந்தப் பங்கும் சுருங்கியது.

பணம் யாருடையது

ஸ்வீடனில் 2005இல் தொடங்கிய கிளார்னா 2017இல் வங்கி உரிமம் பெற்று, பொதுமக்களின் வைப்புத்தொகையைத் திரட்டிக் கடன் கொடுக்கிறது. அஃபர்ம் கூட்டு வங்கிகளின் வழியாகக் கடனை உருவாக்கி, அவற்றில் ஒரு பகுதியைத் தன் கணக்கில் வைத்துக்கொண்டு, மீதியைக் கடன் பத்திரங்களாக்கியோ முதலீட்டாளர்களுக்கு நேரடியாக விற்றோ விடுகிறது. நம் ஊர் வங்கிசாரா நிதி நிறுவனம் வங்கிக் கடனிலும் கடன் பத்திரங்களிலும் வாழ்கிறது. வைப்புத்தொகை உள்ளவருக்குப் பணத்தின் விலை குறைவு, அதேசமயம் மூலதனக் கட்டுப்பாடு அதிகம். விற்றுவிடுகிறவருக்கு மூலதனம் குறைவாகவே போதும், ஆனால் வாங்குகிற முதலீட்டாளர் ஒரு காலாண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டால் கடை மூட வேண்டியதுதான்.

பணத்தின் விலை இந்தத் தொழிலை எப்படிப் புரட்டிப் போடும் என்பதற்கு கிளார்னாவே சான்று. 2021 ஜூனில் 4,560 கோடி டாலராக இருந்த அதன் மதிப்பு, உலகெங்கும் வட்டி விகிதம் ஏறத் தொடங்கிய 2022 ஜூலையில் 670 கோடி டாலராக மதிப்பிடப்பட்டது. இந்தியாவில் இதே விளைவை வேறு வழியில் ரிசர்வ் வங்கி உண்டாக்கியது: பிணையில்லா நுகர்வோர் கடன்களுக்கான இடர் எடையை (கடனுக்கு எதிராக எவ்வளவு மூலதனம் ஒதுக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் விகிதத்தை) 2023 நவம்பர் 16 அன்று 100 சதவீதத்திலிருந்து 125 சதவீதமாக உயர்த்தியதால், ஒவ்வொரு கடனுக்கும் ஒதுக்க வேண்டிய மூலதனம் கூடியது.

திரும்பி வராத பணம் யார் கணக்கில்

இந்தியச் செயலிகளைப் பொறுத்தவரை இந்தக் கேள்விக்கான விடை மேலோட்டமாகப் பார்த்தால் கிடைக்காது. செயலி ஒருவருடையது, கடன் இன்னொருவருடையது. செயலிக்காரர் வாடிக்கையாளரைப் பிடித்து, தகுதி பார்த்து, வசூலித்தும் தருகிறார். பணத்தைப் போடுவது வங்கியோ வங்கிசாரா நிதி நிறுவனமோதான். 2022 செப்டம்பரில் வந்த எண்மக் கடன் (டிஜிட்டல் கடன்) வழிகாட்டு நெறிகளின்படி, செயலிக்காரருக்கான கட்டணத்தைக் கடன் கொடுத்தவர்தான் தரவேண்டும். கடன் வாங்கியவரிடம் அவர் நேரடியாக வாங்கக் கூடாது. அதனால் செயலிக்காரரின் வரவு செலவுக் கணக்கைப் பார்த்தால் கமிஷன் வருமானம் மட்டும் தெரியும். கடன் நட்டம் எதுவும் இல்லாத சுத்தமான தொழில்போலத் தோன்றும்.

அங்கேதான் உத்தரவாதத்தைத் தேட வேண்டும். கடன் மூழ்கினால் முதல் நட்டத்தை நான் ஏற்கிறேன் என்று செயலிக்காரர் எழுதிக்கொடுப்பது இத்துறையின் வழக்கம். அந்த உத்தரவாதம் அந்தக் கடன் தொகுப்பில் 5 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று 2023 ஜூன் 8 அன்று ரிசர்வ் வங்கி வரம்பிட்டது; அதையும் ரொக்கமாகவோ, உரிமை குறிக்கப்பட்ட வைப்புநிதியாகவோ, வங்கி உத்தரவாதமாகவோதான் தர முடியும். ஆகவே 100 கோடி ரூபாய்க் கடனைச் செயலி வழியாகக் கொடுக்க உதவியவரிடம் 5 கோடி ரூபாய் வரை முடங்கிக் கிடக்கலாம். கடன் தொகுப்பில் 3 சதவீதம் மூழ்கினால், பணம் போட்ட வங்கிக்கு நட்டமில்லை. செயலிக்காரருக்கு 3 கோடி போயிற்று. 8 சதவீதம் மூழ்கினால் செயலிக்காரருக்கு 5, வங்கிக்கு 3. எந்த அளவில் நட்டம் எவர் பக்கம் தாவுகிறது என்பதை ஒவ்வொரு நிறுவனத்துக்கும் இப்படி எழுதிப் பார்க்காமல், செயலிக்காரரையும் கடன் நிறுவனத்தையும் ஒரே பட்டியலில் வைக்கக் கூடாது. இத்தகைய உத்தரவாதம் கொடுத்த செயலிக்காரர்கள் எத்தனை கடன் தொகுப்புகளுக்கு அதைக் கொடுத்திருக்கிறார்கள், ஒவ்வொரு தொகுப்பின் தொகை என்ன என்பதைத் தங்கள் இணையதளத்திலேயே வெளியிட வேண்டும் என்பது விதி. பெரும்பாலும் பக்கத்தின் அடியில் சிறு எழுத்தில் இருக்கும்; பொறுமையாகத் தேடுங்கள்.

நட்ட விகிதத்தைப் படிக்கும்போது இன்னொரு பொறியும் உண்டு. வேகமாக வளரும் நிறுவனத்தில், இந்த மாதம் கொடுத்த கடன் இந்த மாதமே மூழ்காது. ஆனால் மொத்தக் கடன் என்ற வகுஎண்ணில் உடனே சேர்ந்துவிடும். அதனால் வாராக்கடன் விகிதம் அழகாக இருக்கும். வளர்ச்சி நின்ற காலாண்டில்தான் உண்மை மேலே வரும். எனவே மொத்த விகிதத்தை நம்பாமல், ஒரே மாதத்தில் கொடுக்கப்பட்ட கடன்களைத் தனித் தொகுதியாக எடுத்து, மூன்றாம் மாதம், ஆறாம் மாதம் அவை எந்த நிலையில் இருந்தன என்று தொடர்ந்து பார்க்க வேண்டும். அந்த விவரம் கிடைக்காதபோது, 90 நாளுக்கு மேல் நிலுவையில் உள்ளவற்றோடு அந்த ஆண்டு கணக்கிலிருந்து நீக்கப்பட்ட கடன்களையும் சேர்த்துக் கூட்டுங்கள். கிரிசில், இக்ரா, கேர் ஆகிய தரமதிப்பீட்டு நிறுவனங்கள் கட்டணமின்றி வெளியிடும் குறிப்புகளில் இந்த எண்கள் பெரும்பாலும் கிடைக்கும். நிறுவனம் முதலீட்டாளருக்குக் காட்டும் வண்ணப் படங்களைவிட இந்தக் கறுப்பு வெள்ளைக் குறிப்புகளை முதலில் படிப்பதே என் வழக்கம்.

விதி மாறினால் மாதிரி நிற்குமா

ரிசர்வ் வங்கி 2022 ஜூன் 20 அன்று, ப்ரீபெய்டு அட்டைகளிலும் வாலட்களிலும் கடன் தொகையை ஏற்றக் கூடாது என்று வங்கிசாரா நிறுவனங்களுக்குச் சொன்னபோது, அந்த வழியையே நம்பியிருந்த பல அட்டை நிறுவனங்கள் தங்கள் தொழிலைத் திருப்பி அமைக்க வேண்டியதாயிற்று. அவற்றுள் ஒன்றான ஸ்லைஸ் 2024இல் நார்த் ஈஸ்ட் ஸ்மால் ஃபைனான்ஸ் வங்கியுடன் இணைந்து வங்கியாகவே மாறிவிட்டது. பெரிய நிறுவனமும் இதற்கு விலக்கில்லை. கடனின் வட்டியையும் கட்டணங்களையும் சொல்லும் முக்கியத் தகவல் அறிக்கையைக் கடன் வாங்கியவருக்கு முறையாகத் தராதது உள்ளிட்ட குறைகளுக்காக, பஜாஜ் ஃபைனான்ஸ் தன் இரு தவணைத் திட்டங்களில் புதிய கடன் கொடுப்பதை ரிசர்வ் வங்கி 2023 நவம்பர் 15 அன்று நிறுத்தி, 2024 மே 2 அன்றுதான் தடையை விலக்கியது. ஒரு நிறுவனத்தின் வருமானத்தில் எத்தனை பங்கு ஒரே விதியின் மீது நிற்கிறது என்பதை ஒப்பீட்டில் ஒரு வரியாகச் சேர்த்துவிடுங்கள். இதற்குமேல் இதில் கணக்குப் போட ஒன்றுமில்லை.

கடைசிச் சோதனை

எல்லா எண்களும் கைக்கு வந்தபின், போட்ட 100 ரூபாய் முதலுக்கு ஆண்டுக்கு என்ன மிஞ்சுகிறது என்று எழுதி, பிறகு அதை இரண்டு வழிகளில் அசைத்துப் பாருங்கள்: பணத்தின் விலை 2 சதவீதம் ஏறினால் என்ன, நட்டம் ஒன்றரை மடங்கானால் என்ன? பதினைந்து நாள் பில் நிறுவனம் 2 சதவீதக் கடைக்காரர் கட்டணத்தில் 36 சுழற்சிக்கு 72 ரூபாய் ஈட்டுகிறது. பணத்தின் விலை 12, நட்டம் 36 போக 24 மிஞ்சுகிறது. எட்டு மாதத் தவணை நிறுவனம் 20 ஈட்டுகிறது. நல்ல தரமதிப்பீடு இருப்பதால் பணத்தின் விலை 9, நட்டம் 2.7 போக 8.3 மிஞ்சுகிறது. பணத்தின் விலை ஏறினால் முதல் நிறுவனத்தின் 24 வெறும் 22 ஆகிறது, இரண்டாவதன் 8.3 ரூபாயிலோ காற்பங்கு போய் 6.3 ஆகிறது. நட்டம் ஒன்றரை மடங்கானால் கதை தலைகீழ்: இரண்டாவது நிறுவனம் ஏறத்தாழ 7 ரூபாயில் நின்றுவிடுகிறது, முதல் நிறுவனம் 24இலிருந்து 6க்கு விழுகிறது. அந்த 6 ரூபாயிலிருந்துதான் ஊழியர் சம்பளமும், முந்நூறு ரூபாய்ச் சாப்பாட்டு ஆர்டருக்கும் அனுப்ப வேண்டிய குறுஞ்செய்தியும், பணம் கட்டாதவருக்குப் போகும் தொலைபேசி அழைப்பும் வர வேண்டும்.